மாதம் முதலா, நாள் முதலா

அந்த அக்டோபர் மாதக் காலையில்தான் கிருபாகரன் தன் மனைவியிடம் முதல் தடவையாக மரியாதை போட்டுப் பேசினான்.

பியூலா காப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவன் டம்ளரைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல அவளை நிமிர்ந்து பார்த்து, "நீங்க எப்ப வந்திய?" என்று கேட்டான்.

அவள் விளையாட்டு என்று நினைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளை நீ, வா, போ என்று பேசியே பழகியவன். வீட்டில்தானே இருக்கிறேன், எங்கே போய் வருவது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. காப்பிக்கு நன்றி சொன்னான். அந்த நன்றியைக் கேட்டதும்தான் இது விளையாட்டில்லை என்று அவளுக்குப் பட்டது.

தூத்துக்குடியில் விசைப்படகு எஞ்சின் பார்ப்பவர்களில் கிருபாகரனுக்கு நல்ல பெயர் உண்டு. படகுகள் பாதிக்கு மேல் பேட்டரிக்கு மாறிவிட்ட பிறகும் பழைய டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் அவனைத்தான் தேடி வருவார்கள். மூன்று வருடத்துக்கு முன் புறவழிச்சாலையில் அவன் பைக் ஒரு மாட்டின்மேல் மோதியது. உயிர் பிழைத்தான். கை கால் சரியாக இருந்தது. வேலை மறக்கவில்லை, முகங்கள் மறக்கவில்லை. ஆனால் நடந்தவை எந்த வரிசையில் நடந்தன என்பது மட்டும் அவனுக்குத் தெரியாமல் போய்விட்டது. நேற்று ராத்திரி சாப்பிட்டதும் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதும் ஒரே தூரத்தில் நின்றன. ஒரு நாள் மத்தியானம் குளித்துவிட்டு வந்து, கல்யாணத்துக்கு நேரமாகவில்லையா என்று பியூலாவையே கேட்டான். எதுவும் தொலையவில்லை, எல்லாம் குலைந்து கிடக்கிறது என்றார் மருத்துவர்.

அதற்குத்தான் 'கோர்வை' என்ற கருவியைக் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைத்தார்கள். அரிசி மணி அளவுதான் இருக்கும். நடப்பது ஒவ்வொன்றுக்கும் அது ஒரு தேதி போட்டு வைக்கும். அவன் எதையாவது நினைக்கும்போது கண்ணோரத்தில் அந்தத் தேதி மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து இது முந்தி, அது பிந்தி என்று அவன் அடுக்கிக்கொள்வான். சில மாதங்களில் தேதியைப் பார்க்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் பழகிவிட்டது. ஊரும் அவனுக்கு அப்படி ஒன்று இருப்பதை மறந்துவிட்டது.

அந்த அக்டோபர் காலைக்குப் பிறகு அவன் எல்லாவற்றிலும் ஒரு படி தள்ளியே நின்றான். அவள் துணியை அவள் துவைத்தால் போதும் என்றான். சோறு போட வந்தால் எழுந்து நின்றான். என்னதான் ஆயிற்று என்று அவள் கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை என்றான். நாலாம் நாள் அவள் அழுதுவிட்டாள். அப்போதுதான் சொன்னான்.

"பிப்ரவரியில என் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டிய. நானும் சரின்னேன். பிறகு மே மாசம் அந்தச் சொல்லைச் சொல்லிட்டுப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனிய. போனவிய எப்ப வந்திய, எதுக்கு வந்தியன்னுதான் எனக்குத் தெரியல."

அந்தச் சொல் எது என்று அவள் கேட்க வேண்டியதில்லை. விபத்துக்குப் பிறகு கிருபாகரனுக்கு நினைத்தாற்போல் கோபம் வரும். இந்த வருடம் ஒரு நாள் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். குழம்பைத் துடைத்துக்கொண்டிருந்த பியூலா, மாட்டில் மோதிய அன்றைக்கே நீங்கள் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று சொன்னாள். சொல்லிவிட்டு சாயர்புரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சில வாரம் கழித்துத் திரும்பி வந்து அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு இருவரும் நன்றாகவே இருந்தார்கள். ஆனால் அவள் சொன்னது மார்ச் மாதம். திரும்பி வந்தது ஏப்ரல். அதைத்தான் அவன் முன்பின்னாக மாற்றி, வேறு மாதங்களில் நடந்ததாகச் சொல்கிறான்.

இல்லை என்று அவள் எத்தனை சொல்லியும் அவன் ஏற்கவில்லை. கோபப்படவும் இல்லை. கண்ணெதிரே தெரிவதை ஒருவன் எப்படி இல்லை என்பான்? அவனுக்கும் குழப்பம்தான். மன்னிப்புக் கேட்டவள் ஏன் மறுபடி அப்படிச் சொன்னாள்? சொல்லிவிட்டுப் போனவள் ஏன் இங்கே காப்பி போடுகிறாள்? இரக்கப்பட்டு யாரோ அனுப்பி வைத்திருக்கிறார்கள் என்று அவனாக ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

அடுத்த வாரம் அவன் அப்பாவின் ஊரான நாசரேத்துக்குப் பஸ் ஏறிப் போனான். மாலை வரை வரவில்லை. அவளுக்கு நாசரேத்திலிருந்து போன் வந்தது. அவன் அப்பா வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். பூட்டிய கதவுக்கு முன்னால் கிருபாகரன் உட்கார்ந்திருக்கிறான், அப்பா எங்கே போனார் என்று கேட்கிறான், அவரை அடக்கம் பண்ணியதைச் சொன்னால் சிரிக்கிறான் என்றார்.

பியூலா ஆட்டோ பிடித்துப் போய்க் கூட்டிவந்தாள். வழியெல்லாம் அவன் யோசனையில் இருந்தான். அடக்கம் அவனுக்கும் நினைவிருந்தது. மழைத் தூறல், கல்லறைத் தோட்டத்துச் சேறு, பெட்டிமேல் மண் விழுந்த சத்தம் எல்லாம் நினைவிருந்தது. ஆனால் அவன் கணக்கில் அது சனவரி மாதம். ஜூன் மாதம் அப்பா தூத்துக்குடி வீட்டுக்கு வந்து சாளைமீன் குழம்பு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் நினைவிருந்தது. இரண்டுமே அவன் கண்ணால் கண்டவை. அப்படியானால் மண்ணுக்குள் வைத்தது வேறு யாரையோ இருக்க வேண்டும். அல்லது அப்பா எப்படியோ திரும்பி வந்திருக்க வேண்டும். அவன் அறிவாளி. அறிவாளியாக இருந்ததால் ஒவ்வொரு முரணுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தான். அந்தக் காரணங்களைக் கேட்கக் கேட்கப் பியூலாவுக்கே தான் சரியாக இருக்கிறோமா என்று சந்தேகம் வந்தது. பீரோவைத் திறந்து மாமனாரின் இறப்புச் சான்றிதழை எடுத்துத் தேதியைப் பார்த்துக்கொண்டாள்.

கோர்வையைச் செய்த நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். இயந்திரக் குரல் வந்தது. இந்த மாதம் முதல் எல்லாத் தேதிகளும் ஒரே சீரான வடிவத்தில், படிக்க எளிதாகத் தெரியும் என்று மகிழ்ச்சியோடு சொன்னது. அவள் வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். பல நாள் இப்படிப் போன பிறகு சென்னை அலுவலகத்தில் ஒரு மனுஷி கிடைத்தாள். பெயர் ஷமீமா.

கோர்வையின் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் ஷமீமா மூத்தவள். கருவி முதலில் வெளிநாட்டில் உருவானது. அங்கே மாதத்தை முதலில் எழுதி நாளைப் பின்னால் எழுதுவார்கள். இங்கே நாள் முதலில், மாதம் பின்னால். இரண்டும் கலந்து கிடந்ததால் மருத்துவர்கள் தடுமாறினார்கள். இனி எல்லாருக்கும் நாளே முதலில் என்று ஒரு கூட்டத்தில் முடிவானது. சாப்பாட்டு நேரத்துக்கு முந்திய கூட்டம். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. வெறும் தோற்றத்தை மாற்றும் வேலை என்றுதான் ஷமீமாவும் நினைத்தாள்.

பியூலா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடக்கம் நடந்த தேதி என்ன என்று கேட்டாள்.

"செப்டம்பர் ஒண்ணு."

"அவர் எப்பன்னு சொல்றார்?"

"சனவரி ஒம்பதுங்காவ."

ஷமீமா "ஒன்பது, ஒன்று" என்று தனக்குள் சொல்லிக்கொள்வது போனில் கேட்டது. "அப்பா மீன் சாப்பிட்ட தேதி?"

"ஜூன் இருவது. அதைச் சரியாத்தான் சொல்லுதாவ."

"இருபதுன்னு ஒரு மாசம் இல்லையே அக்கா. அதனால அது தப்பிச்சிருக்கு" என்றாள் ஷமீமா.

அன்று மாலைக்குள் அவள் கண்டுபிடித்துவிட்டாள். பழைய நினைவுகளுக்குக் கருவி தேதியைத் தேதியாக வைத்திருக்கவில்லை. கண்ணோரத்தில் காட்டிய இலக்கங்களை அப்படியே எழுதி வைத்திருந்தது. புது மென்பொருள் அந்த இலக்கங்களை நாள் முதலில் என்று படித்துவிட்டது. மார்ச் ஐந்து மே மூன்றானது. ஏப்ரல் இரண்டு பிப்ரவரி நான்கானது. மாதமாகப் படிக்க முடியாத பெரிய எண்கள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றன. மொத்தமும் மாறியிருந்தால் எவராவது கவனித்திருப்பார்கள். பாதி நின்று பாதி நகர்ந்ததால் நம்பும்படி இருந்தது.

குழுத் தலைவர் வரதனிடம் போய்ச் சொன்னாள். நாட்டில் பல்லாயிரம் பேர் கோர்வை வைத்திருக்கிறார்கள், புகார் விரல்விட்டு எண்ணும் அளவுகூட வரவில்லையே என்று அவர் யோசித்தார். அவர் கெட்டவர் அல்ல. தொந்தரவு இல்லாத இடத்தில் கை வைக்கப் பயந்தவர்.

"தப்பா அடுக்கியிருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே சார் புகார் பண்ணுவாங்க?" என்றாள் ஷமீமா. "அவங்களுக்கு அதுதான் நடந்தது. யாரையோ காரணமில்லாம வெறுத்துட்டு இருப்பாங்க. செத்தவங்களுக்குச் சோறு எடுத்து வச்சுட்டு இருப்பாங்க."

ஒருவருக்குச் சரிசெய்து பார்த்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லலாம் என்று வரதன் இறங்கி வந்தார். டிசம்பர் முதல் வாரத்தில் ஷமீமா தூத்துக்குடிக்கு ரயில் ஏறினாள்.

கிருபாகரன் அவளை உட்கார வைத்து, அவள் சொன்னதை முழுதாகக் கேட்டான். இரண்டு இலக்கம் இடம் மாறினால் என்ன ஆகும் என்று அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மார்ச், மே, பிப்ரவரி, ஏப்ரல் என்று விரலால் மேசையில் தானே போட்டுப் பார்த்தான். கதவோரம் நின்ற பியூலாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப நீ சொல்லிட்டுப் போனதுதான் முதல்ல. வந்தது பிறகு."

அவள் தலையாட்டினாள். தன்னை அவன் நீ என்று சொன்னது காதில் விழுந்ததும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவன் முகம் தெளியவில்லை. மேசையில் விரல் இன்னும் எதையோ போட்டுக்கொண்டிருந்தது. செப்டம்பர் என்றான். பிறகு நிறுத்தினான்.

"அப்ப எங்கப்பா?"

பியூலாதான், மாமா இப்ப இல்லைங்க என்றாள்.

"இந்தப் பிள்ளை சரி பண்ணுனா அவிய செத்துருவாவ. அப்படித்தான?"

கிருபாகரன் எழுந்து வெளியே போனான். ஷமீமா அவன் பின்னால் போக எழுந்தாள். பியூலா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். ஒரு மனிதனின் தகப்பனை இரண்டாம் தடவை சாகடிக்க ரயில் ஏறி வந்திருக்கிறோமா என்று ஷமீமாவுக்கு இருந்தது. அலுவலகத்தில் இதை யோசித்திருக்கவில்லை. அங்கே இருந்தபோது தவறு, திருத்தம் என்ற இரண்டு சொற்கள்தான் இருந்தன. தவறான அடுக்கிலேயே நிம்மதியாக இருக்கும் இன்னொருவரிடம் போய் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கிருபாகரன் படகுத்துறைவரை நடந்துவிட்டு வந்தான். கண் சிவந்திருந்தது. சரி பண்ணிவிடலாம் என்றான். நாசரேத் பஸ் வரும்போதெல்லாம் ஓடிப்போய் நின்று, இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதாகச் சொன்னான். அவர் இறங்கி வராத ஒவ்வொரு தடவையும் தன்மேல் அவருக்கு என்ன கோபமோ என்று குழம்பியதாகவும் சொன்னான். இப்படிக் காத்துக் கிடப்பதைவிட அழுதுவிட்டு இருப்பது மேல் என்றான்.

ஷமீமா மடிக்கணினியைத் திறக்குமுன் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. பழைய அடுக்கைத் திரும்பப் போட வேண்டுமானால், அதற்குமேல் அக்டோபரிலிருந்து அடுக்கியதை எடுத்துவிட்டுத்தான் போட முடியும். இந்த வாரங்களின் நினைவுகள் அழியாது. ஆனால் தேதி போய்விடும். தேதி இல்லாத நினைவு அவனுக்குக் கனவு மாதிரி. நடந்ததா, நடந்ததாக நினைத்துக்கொண்டதா என்று சொல்லத் தெரியாது.

"இன்னைக்கு நடக்கதுமா?" என்று பியூலா கேட்டாள்.

திருத்தம் முடிகிற வரைக்கும் எல்லாமே அப்படித்தான் என்றாள் ஷமீமா. தொடங்குவதற்கு முன் வரதனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள்.

வீட்டுக்குள் இருவரும் தனியாக இருந்தார்கள். பியூலா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"ஒண்ணு சொல்லுதேன். இப்ப சொன்னாத்தான் உண்டு" என்றாள். "நான் அதை மார்ச்சுல சொன்னேன். ஏப்ரல்ல வந்து மன்னிப்புக் கேட்டேன். ரெண்டும் நெசம். ஆனா அதுக்குப் பிறகும் நினைச்சிருக்கேன். வாயால சொல்லல, அவ்வளவுதான். மே மாசம் நினைச்சேன். மாமாவை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்குக்கூட, இவியளும் மாட்டுல மோதுன அன்னைக்கே போயிருந்தா நான் இப்பம் நிம்மதியா இருப்பேனேன்னு நினைச்சேன். மிஷின் தப்பா அடுக்கிட்டுன்னு அந்தப் பிள்ளை சொல்லுது. எனக்கு அது அவ்வளவு தப்பாத் தெரியல. நினைக்கதுக்கெல்லாம் அது தேதி போடாதுல்லா."

கிருபாகரன் அவள் விரலில் சுற்றியிருந்த தலைப்பைப் பார்த்தான்.

"எப்பவுமா நினைப்ப?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எப்பவும் இல்ல. கை ஓஞ்சு போற அன்னைக்கு."

"மத்த நாளு?"

"மத்த நாளு, நீங்க வேலைக்குப் போயிட்டு வர நேரமானா வாசல்ல நிப்பேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இதெல்லாம் அவனுக்குக் கனவாகிவிடும் என்பதால்தான் அவளுக்கு வாய் திறந்தது. அது அவனுக்கும் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது.

ஷமீமா உள்ளே வந்தாள். மற்ற எல்லாரிடமும் உள்ளதைச் சொல்லி, திருத்த வேண்டுமா என்று ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று வரதனிடம் பிடிவாதமாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு வேலையைத் தொடங்கப் போனாள்.

கிருபாகரன் கையைக் காட்டி நிறுத்தினான். ஏதாவது ஒரு நினைவுக்கு மட்டும் கையால் தேதி போட்டு வைக்க முடியுமா என்று கேட்டான். ஒன்றிரண்டு போடலாம் என்றாள் ஷமீமா.

"இப்ப இவ எங்கிட்ட ஒண்ணு சொன்னா. அது மட்டும் இருக்கட்டும்."

"அது வேண்டாங்க" என்றாள் பியூலா. "வேற எதை வேணும்னாலும் வச்சுக்கிடுங்க. அதை விட்டுருங்க."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அடிபட்டு வந்த நாள்லருந்து எல்லாரும் எங்கிட்ட நல்லதாத்தான் பேசுதாவ. டாக்டரு, சர்ச்சுல உள்ளவிய, உங்க அக்கா, எல்லாரும். பச்சப் பிள்ளைகிட்டப் பேசுத மாதிரி. யாரு நெசம் சொல்லுதா, யாரு சமாதானம் சொல்லுதான்னு தெரியாமத்தான் இத்தன நாளும் முழிச்சுக்கிட்டுக் கெடந்தேன். இன்னைக்குத்தான் ஒரு ஆளுகிட்டப் பேசுத மாதிரி நீ எங்கிட்டப் பேசிருக்க. அது கனவாப் போயிரக் கூடாது."

பியூலா தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஷமீமா திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள். இவர்களுக்குள் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அப்படியானால் தேதியைப் போடட்டுமா என்றாள்.

"போடுங்கம்மா. ஆனா மாசத்தைப் பேரா எழுதிருங்க" என்றான் கிருபாகரன். "பன்னெண்டு, நாலுன்னு போட்டா, பிறகு எவனாவது வந்து ஏப்ரல்னு சொல்லிருவான்."

ஷமீமா தட்டினாள். டிசம்பர் 4 என்று திரையில் விழுந்தது. அதோடு அனுப்பப் போனவளைப் பியூலா தோளில் தொட்டு நிறுத்தினாள். முகத்திலிருந்து தலைப்பை எடுத்துவிட்டு, குனிந்து, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தாள்.

"வருசத்தையும் முழுசாப் போடும்மா" என்றாள்.